எட்டு மாதத்துக்கு முந்தைய படம்

போன வாரத்து அத்தியாயத்துக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அண்ணன்காரனைத் திட்டி வந்தவை. "தங்கை ரத்தமாக இருமுகிறாள், இவன் டாக்டருக்கு போன் போட்டுக் குசுகுசுவென்று பேசுகிறான், இவனெல்லாம் ஒரு அண்ணனா" என்று ஒரு வாசகி மூன்று பக்கம் எழுதியிருந்தார். கொஞ்சம் மை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. இந்த வாரம் படித்துவிட்டு ஆறு பக்கம் எழுத வேண்டியிருக்கும்.

இப்போதுதான் வந்து சேருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். பெரியவள் ஒரு ஸ்கேன் டாக்டரைக் கட்டிக்கொண்டு, அவருடைய ஸ்கேன் சென்டரின் ரிசப்ஷனை ஆண்டுகொண்டிருக்கிறாள். நடுவில் பிறந்தவன் அதே சென்டரில் படம் எடுக்கிற டெக்னீஷியன். கடைக்குட்டி கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். முப்பத்தாறு வயதாகியும், ஆறாவது படிக்கிற மகள் இருந்தும், அக்காவுக்கும் அண்ணனுக்கும் அவள் இன்னும் 'வாலு'தான்.

எட்டு மாதத்துக்கு முன் சின்னவளுக்கு விடாத இருமல். அத்தான் சென்டரிலேயே நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தது. போன வாரம் இருமலில் ரத்தம் வந்து எக்ஸ்ரே எடுத்தால், வலது நுரையீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு பழைய ஸ்கேனைத் திறந்து பார்த்தான். அதே இடத்தில், அன்றைக்கே, திராட்சைப் பழ அளவில் அது உட்கார்ந்திருந்தது.

அவன் டாக்டருக்கு போன் செய்தது வரைக்கும் போன வாரம்.

காலை ஏழரை மணி. சென்டர் இன்னும் திறக்கவில்லை. பெருக்குகிற அம்மா கூட வரவில்லை. டாக்டர் தன் அறையில் விளக்கைப் போடாமல், கம்ப்யூட்டர் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா. காபி குடிச்சியா?"

"ஆச்சு அத்தான்."

டாக்டர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. இந்த ரகத்து ஆட்களிடம்தான் எனக்கு ரொம்ப பயம். கத்துகிறவனிடம் நாமும் கத்திவிட்டுப் போகலாம். இவர்கள் காபி குடித்தாயா என்று கேட்டுவிட்டுக் கழுத்தில் கையை வைப்பார்கள்.

"இது அன்னைக்கு என் கண்ணுல படல," என்றார் திரையைப் பார்த்தபடி.

எப்படிப் படும்? அந்த சென்டரில் ரிப்போர்ட் தயாராகிற விதம் அப்படி. 'நார்மல்' என்று முழுப் பக்கத்துக்கு ஒரு ரெடிமேட் ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் இருக்கிறது. படம் எடுக்கிறவன் ஏதாவது சந்தேகம் இருந்தால் வேலைச் சீட்டில் சிவப்பு மையால் சுழித்து வைக்க வேண்டும். சுழி இல்லாத எல்லோருக்கும் அந்த ரெடிமேட் பக்கம் பெயர் மட்டும் மாறி அச்சாகும். சாயங்காலம் டாக்டர் கட்டாகக் கையெழுத்துப் போடுவார். படத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது டாக்டரின் வேலை என்பதெல்லாம் அவர் பரீட்சைக்குப் படித்த புத்தகத்தோடு போயிற்று.

அண்ணன் அன்றைக்குத் தங்கையின் சீட்டில் சுழித்தான். ஆனால் அன்றைக்கு டாக்டர்கள் சங்கத்தில் விருந்து. சுழி போட்டதையும் போடாததையும் சேர்த்து நாற்பது பேருக்கும் 'நார்மல்' அச்சடிக்கச் சொல்லி, நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் கிளம்பிவிட்டார்.

"நான் சுழிச்சிருந்தேன் அத்தான்."

"சுழிச்சே. அப்புறம் நார்மல்னு ரிப்போர்ட் வந்ததையும் பார்த்தே. என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்ல அத்தான்."

"எட்டு மாசம் கேக்கல. நாளைக்கு என்னைக் கேக்கறவன் உன்னையும் கேப்பான். ரெண்டு பேர் கழுத்துக்கும் ஒரே கயிறுதாம்ப்பா."

அவன் ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று அன்றைக்கு நினைத்தான். மறுநாள், இனிமேல் போய்க் கேட்டால் நேற்றே ஏன் கேட்கவில்லை என்பாரே என்று நினைத்தான். மூன்றாம் நாளிலிருந்து நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

டாக்டர் மேஜை மேல் ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். சந்தேகமான கேஸ்களை மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் ஸ்கேனுக்கு வரச் சொல்லி போன் செய்கிற ரிஜிஸ்டர் அது. எட்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"அடியில ரெண்டு வரி காலியா இருக்கு பாரு. 'மறுபடி பார்த்ததில் சின்ன நிழல். மூன்று மாதத்தில் திரும்ப வரும்படி போனில் சொல்லப்பட்டது. இரண்டு முறை அழைத்தும் வரவில்லை.' அவ்வளவுதான். எழுது."

"நானா?"

"போன் பண்றது உன் வேலைதானே. நான் எழுதினா நல்லாவா இருக்கும்?"

அண்ணன் எழுதினான். தேதி எழுதினான். தங்கையின் பெயர், வயது எழுதினான். கடைசிக் கட்டத்தில் போன் நம்பரை, எதையும் பார்க்காமல், கடகடவென்று எழுதினான்.

சறுக்கியது அங்கேதான். அந்த நம்பர் சின்னவளுக்கு அவள் ஆபீஸ் கொடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. எட்டு மாதத்துக்கு முன் அது யார் கையில் இருந்ததோ. வேறு எந்த நோயாளியாக இருந்தாலும் பழைய பதிவைத் திறந்து, அதிலிருக்கிற நம்பரைப் பார்த்து எழுதியிருப்பான். கூடப் பிறந்தவள் என்பதால் மனப்பாடமாக எழுதினான். அன்று நாள் முழுக்க அவனுடைய பாசம் வேலை செய்தது அந்த ஒரு கட்டத்தில் மட்டும்தான்.

"அப்ப அந்தப் பழைய படம் அத்தான்?"

"சின்ன நிழல், காத்திருந்து பார்க்கலாம்னு நினைச்சோம்னு சொன்னா நிக்கும். படத்தைப் பார்த்தா நிக்காது. எந்த சர்ஜனும் அன்னைக்கே அறுத்திருக்கணும்னு சொல்லிடுவான். அது இனிமே இருக்க வேண்டாம்."

"சரி," என்றான். ஆனால் உடனே அழிக்கவில்லை. முதல் நோயாளி வந்துவிட்டார் என்று எழுந்து போனான். இதை வைத்து அவனை நல்லவன் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அவன் எதையும் தள்ளிப்போடுகிறவன், அவ்வளவுதான்.

ஒன்பதரைக்குப் பெரியவள் காரை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். சின்னவள் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பழைய ரிப்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். இன்று முழு ஸ்கேன் எடுத்து, நாளைக்கு சர்ஜனைப் பார்ப்பதாக ஏற்பாடு.

கார் தெருமுனை திரும்பியதுமே பெரியவள் ஆரம்பித்தாள்.

"போன் பண்ணினப்பவே நீ வந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

"எந்த போன்?"

"கேக்கறா பாரு. சென்டர்ல இருந்து உனக்கு ரெண்டு தடவை போன் போச்சு. மூணு மாசம் கழிச்சுத் திரும்ப எடுக்கணும்னு."

"எனக்கு வரலையேக்கா."

"உனக்கு எதுதான் வந்தது? ஸ்கூல்ல இருந்து கடுதாசி கொடுத்தாலும் வரலைன்னுதான் நிப்பே. பை அடியில கசங்கிக் கிடக்கும். நான்தான் எடுத்து அம்மாகிட்ட கொடுப்பேன்."

சின்னவள் சிரித்தாள். உண்மைதானே. முதல் சிக்னலில் கார் நின்றது.

"எந்த மாசம் அது?"

பெரியவள் மாதத்தைச் சொன்னாள்.

"அப்ப லாரி ஸ்டிரைக் நடந்துச்சு. ஆபீஸ்ல பார்சல் மலையா குவிஞ்சு கிடந்துச்சு. ஒரு நாளைக்கு இருநூறு போன்."

"அதான் சொல்றேன். எங்க ஞாபகம் இருக்கப் போகுது."

இரண்டாவது சிக்னலில் சின்னவள் தானாகவே சொன்னாள். "ஒரு நாள் தெரியாத நம்பர்ல இருந்து வந்துச்சு. ரெண்டு தடவை. நான் கட் பண்ணிட்டேன்."

"அதுதாண்டி."

"சென்டர்ல இருந்துன்னா பேரு வருமேக்கா."

"அவன் கையில கிடைச்ச போன்ல இருந்து பண்ணியிருப்பான். உனக்காக மெனக்கெட்டுப் பண்ணியிருக்கான், நீ கட் பண்ணியிருக்கே."

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. மகளுக்கு இன்னும் பதினொரு வயதுகூட முடியவில்லை, அவள் நினைத்தது அதைத்தான். தன் கையாலேயே தன் உயிரைக் கட் பண்ணிவிட்டோம் என்று நம்பி அழுதாள். பெரியவள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

இந்த இடத்தை எழுதிவிட்டு நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பெரியவளுக்குத் தங்கை மேல் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டி என்று கேட்டதும் முதலில் அழுதவள் அவள்தான். அழுது முடித்ததும், சென்டர் வாசலில் இருக்கிற பெயர்ப்பலகை ஞாபகத்துக்கு வந்தது. தங்கைக்கு நடப்பதை இனி யாரும் தடுக்க முடியாது, புருஷனுக்கு நடக்கப் போவதையாவது தடுப்போம் என்று முடிவு செய்தாள். ஒரு தடவை முடிவு செய்துவிட்டால் அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

"அழாதே வாலு. போனதும் அத்தான்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடு. பாவம், ரெண்டு நாளா சாப்பாடே இறங்கல அவருக்கு."

"கேக்கறேன்க்கா."

கேட்டாள். பதினொரு மணிக்கு டாக்டர் அறையில், அக்கா ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் நிற்க, நுரையீரலில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கையைக் கூப்பினாள்.

"மன்னிச்சிடுங்க அத்தான். நீங்க இவ்வளவு அக்கறையா சொல்லியும் நான்தான் அலட்சியமா இருந்துட்டேன். உங்களுக்குக் கெட்ட பேர் ஆயிடும் போல."

"சேச்சே, என்ன இது. உட்காரு." டாக்டர் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "நோயாளிங்க ஒத்துழைச்சாத்தான் எங்களால எதையும் செய்ய முடியும். போனது போகட்டும். இனிமே சொன்ன பேச்சு கேளு."

அண்ணன் சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் படித்துக்கொண்டிருந்தான். தினமும் பார்க்கிற படம்.

டாக்டர் அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை வேறு பக்கம் போயிருக்கும். ஆனால் மன்னிப்புக் கேட்கிறவளைப் பார்த்ததும் அவருக்கே தன் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. "உன் மனசுலயும் ஒரு சந்தேகம் இருக்கக் கூடாது பாரு," என்று சொல்லி, ரிஜிஸ்டரைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

சின்னவள் குனிந்து பார்த்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் பார்சல் லேபிள் பார்க்கிற கண். பெயரைத் தாண்டி நேராக நம்பருக்குப் போய் நின்றது.

"இது யாரு எழுதினது?"

"நான்தான்," என்றான் அண்ணன்.

"இந்த நம்பருக்கா பண்ணினே?"

"ஆமா."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

"நான் எடுத்தேனா?"

காரில் நடந்த பேச்சு அவனுக்கு எப்படித் தெரியும்? "எடுத்தே. வரேன்னு சொன்னே," என்றான். பெரியவள் அவனை முறைத்தாள். டாக்டர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார், ஒரே இடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் அழுகை போய்விட்டது.

"இந்த நம்பர் எனக்கு ஆபீஸ்ல கொடுத்து மூணு மாசம்தான் ஆச்சு. இதுல போட்டிருக்கற தேதி எட்டு மாசத்துக்கு முந்தி."

டாக்டர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"அது, நம்பர் மாறினா அப்பப்ப திருத்துவோம்," என்றார் டாக்டர்.

"திருத்தின மாதிரி இல்லையே அத்தான். ஒரே மையில, ஒரே ஓட்டத்துல எழுதியிருக்கே."

"இப்ப நம்பரா முக்கியம், உன் உடம்பா?" என்று பாய்ந்தாள் பெரியவள்.

"உடம்புதான்க்கா. அதனாலதான் கேக்கறேன். அன்னைக்கு எடுத்த என் படம் எனக்கு வேணும். வேற டாக்டர்கிட்ட காட்டணும்."

மற்ற நோயாளிகளுக்கெல்லாம் படத்தைப் பெரிய கவரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். நம்ம வீட்டுப் பெண்ணுக்கு எதற்குக் கவரும் கத்தரிக்காயும் என்று அன்றைக்குப் பெரியவள்தான் வெறும் ரிப்போர்ட்டைக் கொடுத்து அனுப்பினாள்.

டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். "பழைய படமெல்லாம் ஆறு மாசம்தானேப்பா இருக்கும்? இவளோடது இருக்கா என்ன?"

மூன்று பேரும் அண்ணனைப் பார்த்தார்கள். படம் இருந்தது. பக்கத்து அறையில், அவன் கை படுகிற தூரத்தில் இருந்தது. இருக்கு என்று நாலு எழுத்து சொன்னால் போதும். சின்னவள் முகத்தில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருந்தது. சின்ன வயதில் அக்கா அடிக்க வந்தால் இவன் பின்னால் போய் ஒளிந்துகொண்டவள் அல்லவா.

"இல்ல. அழிஞ்சிடுச்சு," என்றான்.

சரி, முதலில் இன்றைய ஸ்கேனை முடி என்று டாக்டர் சொன்னார். சின்னவள் எழுந்து அண்ணன் பின்னாலேயே போனாள்.

ஸ்கேன் அறையில் எப்போதும் குளிர்தான். பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு அவள் டேபிளில் படுத்தாள். அண்ணன் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தான். கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தான். அறையில் வேறு யாரும் இல்லை.

"அண்ணா."

"ம்."

"அன்னைக்கும் நீதானே எடுத்தே. எடுத்து முடிச்சு, வண்டியில வச்சு என்னை வீட்டுல கொண்டுவிட்டே. வழியில பாப்பாவுக்கு ஸ்கெட்ச் பேனா கூட வாங்கினே."

"ம்."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

படம் எடுக்கிறவர்களிடம் எல்லா நோயாளிகளும் இதைத்தான் கேட்பார்கள். என்ன தெரிந்தது, ஒன்றும் இல்லையே, உங்கள் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அதற்கு அவர்கள் எல்லோரிடமும் தயாராக ஒரு பதில் உண்டு. இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவன் நாக்கு அதில் தேய்ந்து போயிருந்தது.

"படம் எடுக்கறதுதான் எங்க வேலை," என்றான். "டாக்டர் சொல்வாங்க."

சின்னவள் தூக்கிய கைகளைக் கீழே இறக்கினாள். "டேபிளை இறக்கு."

"படுத்துக்கோ வாலு. நாள் தள்ளினா உனக்குத்தான் ஆபத்து."

"எட்டு மாசம் தள்ளிட்டு இப்ப சொல்றே."

"இன்னைக்கு எடுக்கலைன்னா சர்ஜன் தேதி போயிடும். அத்தான் எவ்வளவு பேசி வாங்கினார் தெரியுமா?"

"போகட்டும். எனக்கு இங்க எடுத்துக்க இஷ்டம் இல்ல. இஷ்டம் இல்லாதவளை நீ எடுக்கக் கூடாது. இதையாவது யாராவது உனக்குச் சொல்லிக் கொடுத்தாங்களா?"

அவன் பொத்தானை அழுத்தினான். டேபிள் இறங்கியது.

ரிசப்ஷனில் பதினாலு பேர் காத்திருந்தார்கள். சின்னவள் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கவுன்டரில் கை வைத்தாள்.

"மேடம், பழைய படம் கேட்டு எழுதிக் கொடுக்கற ஃபாரம் ஒண்ணு கொடுங்க."

பெரியவள் குரலை இறக்கினாள். "வீட்டுல பேசிக்கலாம். இங்க நின்னு மானத்தை வாங்காதே."

சின்னவள் குரலை இறக்கவில்லை. கவுன்டருக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டத்துக்குள் 'நோயாளிகளின் உரிமைகள்' என்று பத்து வரி தொங்கியது. "நாலாவது வரி," என்றாள். "'தன் படத்தையும் ரிப்போர்ட்டையும் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு.' நீங்க மாட்டினதுதானே மேடம்?"

உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் நிமிர்ந்து சுவரைப் படிக்க ஆரம்பித்தார்கள். பெரியவள் ஃபாரத்தை எடுத்துப் போட்டாள். சின்னவள் நின்றபடியே நிரப்பிக் கொடுத்தாள். பதினைந்து வருஷப் பழக்கம், எந்தக் காகிதம் வந்தாலும் பெரியவள் கை அதை நேர முத்திரை குத்துகிற மெஷினுக்குள் தள்ளும். இதையும் தள்ளியது. பன்னிரண்டு பத்து என்று விழுந்தது.

உள்ளே டாக்டர் ஃபாரத்தைப் படித்தார். "இருப்பில் இல்லைன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்துடு."

"இருக்கே அத்தான்," என்றான் அண்ணன் மெல்ல.

"காலையிலேயே சொன்னேனே, இன்னுமா செய்யல?" டாக்டர் முதல் தடவையாக முகம் சுளித்தார். "எழுதிக் கொடுக்கறது பொய்யா இருக்கக் கூடாதுப்பா. போய் முடிச்சிட்டு வந்து எழுது."

அவன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். தன் பெயரைத் தட்டி உள்ளே போனான். எட்டு மாதத்துக்கு முந்தைய படம் வந்தது. நல்ல படம். இருமுகிறவர்களின் படம் எப்போதும் கலங்கித்தான் இருக்கும், மூச்சைப் பிடிக்க மாட்டார்கள். இவள் கொஞ்சமும் அசையாமல் பிடித்திருந்தாள், அண்ணன் பிடிக்கச் சொன்னான் என்று. விளிம்பெல்லாம் முள் முள்ளாக அந்தத் திராட்சை அவ்வளவு தெளிவாக இருந்தது.

கம்ப்யூட்டர் நிச்சயமாகவா என்று இரண்டு தடவை கேட்டது. டாக்டர் அறைக் கதவு பாதி திறந்துதான் இருந்தது, அவர் அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவன் இரண்டு தடவையும் ஆமாம் என்று அழுத்தினான். பதினொன்றரைக்குச் சொன்ன பொய்யைப் பன்னிரண்டரைக்கு உண்மையாக்கிவிட்டான்.

வெளியே வந்து, ஃபாரத்தின் அடியில் 'கேட்ட படம் இருப்பில் இல்லை' என்று எழுதி, ஒரு நகலிலும் எழுதி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டான். சின்னவள் நகலை வாங்கிப் பார்த்தாள்.

"நேரம் போடலையே."

"எதுக்கு அதெல்லாம்?"

"நேரம் இல்லாத கையெழுத்தை எங்க ஆபீஸ்ல வாங்க மாட்டோம்."

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நாற்பது என்று எழுதினான். அவள் காகிதத்தை மடித்துப் பிளாஸ்டிக் உறையில் வைத்தாள். அப்போது இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்து இருமிவிட்டு, என்ன வந்திருக்கிறது என்று பார்த்து, கறை உள்பக்கம் போகும்படி மடித்துப் பையில் போட்டாள். அண்ணன் பார்த்தான், அக்காவும் பார்த்தாள். வா, உட்காரு என்று ஒரு வாய் சொல்லவில்லை.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். இன்றைக்கு ஸ்கேன் இல்லை, நாளைக்கு சர்ஜன் இல்லை, இனி இந்த உடம்பை எந்த வாசலுக்கு எடுத்துப் போவது என்றும் தெரியாது. காலையில் அவளுக்கு ஒரு அக்கா, ஒரு அண்ணன், ஒரு அத்தான் இருந்தார்கள். எனக்கு அவளைக் கூப்பிட்டு ஒரு ஆட்டோவிலாவது ஏற்றிவிட வேண்டும் போல இருக்கிறது.

அண்ணன் பேனாவை மூடாமல் கவுன்டரிலேயே நின்றுகொண்டிருந்தான். தான் எழுதிய நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மெதுவாக வியர்க்க ஆரம்பித்தது.

"அக்கா."

"என்ன?"

"யாரு, எப்ப அழிச்சாங்கன்னு மெஷின் தானா பதிஞ்சு வச்சுக்கும். அதை அழிக்க முடியாது. நான் அழிச்சது பன்னெண்டு முப்பத்தொண்ணு. அவ கேட்டு எழுதிக் கொடுத்தது பன்னெண்டு பத்து. நீயே முத்திரை குத்தியிருக்கே."

பெரியவள் ஃபாரத்தை இழுத்து முத்திரையைப் பார்த்தாள். கவுன்டரைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

"யார் பேர்ல பதியும்?"

"என் பேர்லதான். நான்தானே உள்ள போய் அழிச்சேன்."

"அந்த ரிஜிஸ்டர்ல இருக்கற எழுத்து?"

"என்னுது."

"இப்ப எழுதிக் கொடுத்த காகிதம்?"

"அதுவும்தான்."

"அத்தான் எதையும் தொடலையே?"

அவன் அக்காவைப் பார்த்தான். "இல்ல," என்றான்.

"அப்பாடா," என்று பெரியவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்து, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.